எவரிஸ்தோ ஊற்றாத இரண்டாவது குடுவை

எங்கள் லாஸ் கொய்ரோனெஸ் ஊரில் வாய்க்குப் பூட்டே இல்லாத மனிதர் என்றால் அது எவரிஸ்தோ நியான்குஃபில்தான். இளவயசில் செம்மறி ரோமம் கத்தரிக்கும் கூட்டத்தோடு பண்ணை பண்ணையாக அலைந்தார். அப்போது கூட்டாளிகள் வைத்த பெயர் 'ரேடியோ'. கத்தரி ஓடும்போதும் பேசுவார், நின்றபிறகும் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஆடுகள் அசையாமல் படுத்துக்கிடக்கும் என்று ஒரு கேலி உண்டு.

அப்படிப்பட்டவரை ஒரு புத்தகம் மௌன குருவாக்கிவிட்டது. அதைத்தான் சொல்லவந்தேன்.

ரேடியோ ரொசாலியாவைக் கட்டிக்கொண்டபிறகு கூட்டத்தை விட்டு மேட்டுநிலத்தில் ஒரு வீடும் கொஞ்சம் ஆடுகளுமாக உட்கார்ந்தார். ஒரு மகள் பிறந்தாள், படித்தாள், கொமொதோரோ பட்டணத்தில் எண்ணெய்க் கம்பெனிக்காரனைக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். ரொசாலியா ஒரு குளிர்காலத்தில் நுரையீரல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அப்புறம் எரிமலைச் சாம்பல் விழுந்து புல்லெல்லாம் நாசமாகி, சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக ஆடுகளை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். எவரிஸ்தோ மட்டும் கிளம்பவில்லை. மகள் கூப்பிட்டபோது, "அங்க காத்துக்கே எடமில்லை, நான் எங்க நிக்கிறது?" என்றாராம். ஊரிலிருந்து அங்கே போகும் பாதை கல்லும் சேறும். யாரும் போகமாட்டார்கள். வருஷத்தில் இரண்டு தடவை அவர்தான் மாவும், எங்கள் கசப்புப் பானமான மாத்தேக்கு இலையும் வாங்க ஏதாவது ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு வருவார். லாரிக்காரன் அவசரப்படுத்துவான். பாதிக் கதையை எங்களிடம் விட்டுவிட்டு ஏறிப் போவார்.

நான் ஹெர்மினியா. ஊர் நூலகத்தைத் திறப்பவள், பெருக்குபவள், பூட்டுபவள். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே ஒரு வாசகர் வட்டம் நடக்கும். வட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் நான்கைந்து நாற்காலிகள், நடுவில் கெட்டில், இலையும் உறிஞ்சுகுழலும் போட்டுக் கைமாறிச் சுற்றிவரும் ஒரே மாத்தேக் குடுவை. வெந்நீர் ஊற்றுவது நான். குடித்துவிட்டுக் குடுவையைச் சும்மா திருப்பிக் கொடுத்தால் அடுத்த சுற்றிலும் உண்டு. 'நன்றி' என்று சொல்லிக் கொடுத்தால் போதும் என்று அர்த்தம், அப்புறம் அவரைத் தாண்டி ஊற்றிக்கொண்டே போவேன். தொட்டில் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

அந்தப் புத்தகத்தை விட்டுவிட்டுப் போனது ஒரு சைக்கிள் பயணி. பெயர், 'தெற்கே என்னைத் தேடி'. எழுதியவள் அனெலீஸ் என்ற டச்சுக்காரி, எங்கள் பாஷைக்கு யாரோ மாற்றியிருந்தார்கள். புருஷனை விட்டுப் பிரிந்து, வேலையை உதறி, முதுகில் மூட்டையோடு எங்கள் பக்கமெல்லாம் நடந்திருக்கிறாள். காற்றில் கூடாரம் கிழிந்துபோய் ஒரு ஆட்டுக்காரர் வீட்டில் மூன்று இரவு தங்கியிருக்கிறாள். அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பு, 'ஒற்றைக் கோப்பையின் குரு'. ஆட்டுக்காரர் பெயர் எவரிஸ்தோ. தினம் காலையில் ஒரே ஒரு மாத்தே கொடுப்பாராம். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விடுவாராம். போதும் என்பதையும் தனிமை என்பதையும் அவர் தனக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார் என்று எழுதியிருந்தாள்.

படித்தவுடன் வட்டம் இரண்டாக உடைந்தது.

பெட்ரோல் நிலையம் வைத்திருக்கும் பாஸ்குவால் புத்தகத்தை மேஜையில் போட்டான். "அத்தனையும் புளுகு. நம்ம ரேடியோ பேசாம இருந்தாராம்! அவரு செத்தாக்கூடப் பொட்டிக்குள்ள இருந்து பேசுவாரு. இவ அந்தப் பக்கமே போயிருக்க மாட்டா."

தெல்மா விடுவாளா? வடக்கே தூக்குமானிலிருந்து மாற்றலாகி வந்த பள்ளி ஆசிரியை. எவரிஸ்தோவை நேரில் பார்த்தவளில்லை. "மனுஷங்க மாற மாட்டாங்களா பாஸ்குவால்? அத்தனை வருஷத் தனிமை ஒருத்தரைக் கனிய வைக்காதா? நான் இதைப் படிச்சிட்டு ஒரு ராத்திரி பூரா அழுதேன், தெரியுமா?"

"நீ வெங்காயம் நறுக்கினாலும் அழுவ."

"உங்களுக்கு ஏன் எரியுதுன்னு எனக்குத் தெரியும். ஊரைப் பத்தி அவ எழுதின ஒத்தை வரிதான்."

அது உண்மை. 'ஒரு பெட்ரோல் நிலையமும் ஒரு கொட்டாவியும்' என்று எங்கள் ஊரை அவள் ஒரே வரியில் முடித்திருந்தாள். பாஸ்குவாலுக்கு அது முள்ளாகத் தைத்திருந்தது. கொட்டாவி என்று சொன்னதற்காக நானும்தான் கோபப்பட்டேன். ஆனால் காற்றைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தாள். உள்ளதைச் சொல்லவேண்டும்.

தெல்மா கைபேசியை எடுத்துக் காட்டினாள். உலகமே அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. 'என் வாழ்க்கையை மாற்றிய புத்தகம்' என்று ஒருத்தி. 'வசதி உள்ளவளுக்குத் தன்னைத் தொலைக்கவும் நேரம் உண்டு, தேடவும் நேரம் உண்டு' என்று ஒருவன். அந்தக் கிழவர் ஞானி என்று ஒரு கட்சி, விருந்தாளிக்கு இன்னொரு குடுவை ஊற்றத் துப்பில்லாத கஞ்சன் என்று இன்னொரு கட்சி. கஞ்சன் என்று வாசித்ததும் எனக்குச் சுருக்கென்றது. எவரிஸ்தோ லாரிக்காரனுக்கே வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுப்பவர்.

சண்டை முற்றி, தெல்மா குடுவையை என் கையில் திணித்து "நன்றி!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு நான் ஊற்றவில்லை. இப்படியே நான்கைந்து சனிக்கிழமைகள் போயின. இத்தனை வாய்ச்சண்டையிலும், ஆளை நேரில் போய்க் கேட்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இலையுதிர் காலத்தில் அவரே வந்தார். நூலக வாசல்படியில் காலை வைக்காமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஆள் நன்றாக இளைத்திருந்தார்.

"டோன்யா ஹெர்மினியா, ஒரு உதவி."

"உள்ள வாங்க டான் எவரிஸ்தோ. என்ன புதுசா மரியாதையெல்லாம்?"

"லாரி நிக்குது. சட்டுனு சொல்லிடறேன். என் வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க. எங்கெங்கிருந்தோ வர்றாங்க. கையில ஒரு புஸ்தகம். ஒரு பக்கத்தைப் பிரிச்சுக் காட்டி என் கையப் பிடிச்சுக் குலுக்குறாங்க. எனக்குக் கண்ணுல பூ விழுந்திருச்சு, பொடி எழுத்து தெரியலை. என்ன எழுதிருக்குன்னு கேட்டா சிரிக்கிறாங்க, நெஞ்சுல கைய வெக்கிறாங்க. யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க."

"அது அந்த டச்சுக்காரம்மா எழுதினது."

அவர் முகம் மாறியது. "அப்ப அதுல இருக்கும். அந்தம்மா ஏன் அப்படி மூஞ்சியத் தூக்கிட்டுப் போனாங்கன்னு இருக்கும். மூணு நாள் என் வீட்டுல இருந்தாங்க. நான் என்ன கொறை வெச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். நீங்க படிச்சுச் சொல்றீங்களா?"

லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். சனிக்கிழமை வட்டம்வரை தங்குங்கள், படிக்கலாம் என்றேன்; ஆடுகளை விட்டுவிட்டுத் தங்க முடியாது என்றார். "அப்ப ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம்," என்றேன். அவர் என்னை நம்பாத மாதிரி பார்த்துவிட்டு ஏறிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்குவாலின் வண்டியில் மூன்று பேரும் கிளம்பினோம். புளுகை நிரூபிக்க அவன், குருவைப் பார்க்கத் தெல்மா, படிக்க நான். வழியெல்லாம் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. மழை வந்தால் பாதை மூழ்கிவிடும், சாயங்காலத்துக்குள் திரும்பியாகவேண்டும் என்று பாஸ்குவால் பத்து தடவை சொன்னான்.

எவரிஸ்தோ முற்றத்தைப் பெருக்கி வைத்திருந்தார். ஒரு ஆடு தீயில் வெந்துகொண்டிருந்தது. ஒரு கூடை நிறைய ஆட்டுக்கொழுப்பில் பொரித்த ரொட்டி. மேஜையைச் சுற்றி நான்கு இருக்கைகள், அதில் ஒன்று கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி. வாசலில் ஒரு கிழட்டு நாய். ஒரு வீட்டில் ஆள் வரவை எதிர்பார்த்துச் செய்யும் வேலையெல்லாம் செய்திருந்தது.

உட்கார்ந்ததும் மாத்தே சுற்று ஆரம்பித்தது. தெல்மா கோயிலுக்கு வந்தவள் போல் கைகளைக் கட்டிக்கொண்டு வாய்திறக்காமல் இருந்தாள். எவரிஸ்தோ அவளை இரண்டு தடவை பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "டீச்சரம்மாவுக்குப் பல்வலியா?"

பாஸ்குவால் சிரித்துவிட்டான். "அதில்ல ரேடியோ. நீங்க பேச்சே பிடிக்காத சாமியாராம். அதான் பயபக்தி."

"நானா?"

"அந்தம்மா நெசமாவே இங்க வந்தாங்களா, இல்ல புளுகா?"

"வந்தாங்க. மூணு ராத்திரி அந்த ரூம்லதான் தங்கினாங்க." ரொசாலியாவின் அறையைக் காட்டினார். "அவங்களுக்கு நம்ம பாஷை கொஞ்சம்தான் வரும். அதுக்கென்ன, எனக்கு வர்றது ரெண்டு பேருக்கும் போதும்னு நெனச்சேன். எத்தனை மாசம் கழிச்சு ஒரு ஆளு! அந்தக் கத்தரிக் கூட்டத்துக் கதை, பனியில மாட்டின கதை, என்னென்னமோ எடுத்து வெச்சிருந்தேன். நீங்க படிங்க டோன்யா. என்ன கொறைன்னு பாப்போம்."

படித்தேன். சமையலறையில் ஆட்டுக்கொழுப்பு மணப்பதாக அவள் எழுதியிருந்த இடத்தைத் தாண்டிப்போகப் பார்த்தேன். "அட, மணக்கத்தானே செய்யுது, படிங்க," என்றார். கூடாரம் கிழிந்தது, அவர் குதிரையோடு வந்து மூட்டையைத் தூக்கியது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அந்தப் பத்தி வந்தது.

'ஒவ்வொரு காலையும் அவர் எனக்கு ஒரே ஒரு கோப்பை மாத்தே தந்தார். நான் நன்றி சொன்னேன். அவர் தலையை அசைத்து, கெட்டிலையும் குடுவையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். இரண்டாவது கோப்பை இல்லை. பேச்சும் இல்லை.'

எத்தனை தடவை படித்த வரி! அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, கையில் குடுவையோடு, எத்தனை சனிக்கிழமை அடித்துக்கொண்டோம்! வாய்விட்டுப் படித்து என் காதிலேயே விழுந்தபோதுதான் நாக்கு நின்றது. நிமிர்ந்து தெல்மாவைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எவரிஸ்தோவுக்கு மட்டும் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. "பாத்தீங்களா, அவங்களே எழுதிருக்காங்க. மொதக் குடுவையிலயே நன்றின்னுட்டாங்க. பழகாத வாய், கசந்திருக்கும்னு மறுநாள் சர்க்கரை போட்டேன். ஆரஞ்சுத் தோலும் போட்டேன். குடிச்சாங்க, மறுபடியும் நன்றி. மூணாம் நாளும் அதேதான். வேண்டாம்னு சொன்னவங்க முன்னாடி நான் மட்டும் உக்காந்து உறிஞ்சறது மரியாதையா? கெட்டிலை எடுத்துட்டுக் கொட்டாய்க்குப் போயிட்டேன். நாயோட உக்காந்து குடிச்சேன். என் மாத்தே பிடிக்கலையா, என்னையே பிடிக்கலையான்னுதான் தெரியலை. அதைத்தான் எழுதிருக்காங்களான்னு பாக்கச் சொன்னேன்."

பாஸ்குவால்தான் அவருக்கு விளக்கிச் சொன்னான். புளுகைப் பிடிக்க வந்தவன்.

"ரேடியோ... அவங்க ஊருல அப்படி இல்ல. எதைக் கையில வாங்கினாலும் நன்றின்னு சொல்லுவாங்க. என் கடையில தினம் பாக்கறேனே. மீதிச் சில்லறை குடுத்தா நன்றி, கக்கூஸ் சாவி குடுத்தா நன்றி."

"வாங்கற ஒவ்வொண்ணுக்குமா?"

"ஒவ்வொண்ணுக்கும்."

"அப்ப அது... வேண்டாம்னு அர்த்தமில்ல?"

"இல்ல."

அவர் குடுவையை மேஜையில் வைத்தார். "பாக்கியும் இருக்கா? படிங்க."

படிக்க எனக்கு மனசில்லை. ஆனால் கேட்கிறாரே. 'மூன்றாம் இரவு, யாராவது என்னோடு பேசமாட்டார்களா என்று அந்த அறையில் அழுதேன். விடிந்தபோது தெளிந்தேன். என் வெறுமையை இன்னொருவர் நிரப்ப முடியாது. அதைத்தான் அந்த முதியவர் தன் மௌனத்தால் சொல்லிக்கொண்டிருந்தார்.'

"அழுதாங்களா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"நான் இந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்." எழுந்துபோய் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பலகைச் சுவர்தான். இருமினால் கேட்கும். "முழிச்சுட்டுதான் கெடந்தேன். காத்து. காத்துச் சத்தத்துல கேக்கலை."

எங்கள் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அப்புறம் வந்தாங்களே, அந்தப் புஸ்தகத்தோட? அவங்களும் ஒரு குடுவை குடிச்சாங்க, நன்றின்னாங்க. கண்ணை மூடி உக்காந்தாங்க. போட்டோ எடுத்தாங்க. நம்ம புவெனோஸ் ஐரெஸ்காரங்க கூட வந்தாங்களே. அவங்களுக்குத் தெரியுமே இந்தப் பழக்கம்?"

தெல்மா அழுதுகொண்டே சொன்னாள். "புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே செய்யணும்னு செஞ்சிருப்பாங்க ஐயா. ஒண்ணுதான் குடுப்பீங்க, பேசினா உங்களுக்குப் பிடிக்காதுன்னு... நானும் அப்படித்தான் இன்னைக்கு வந்தேன்."

"எனக்குப் பேச்சுப் பிடிக்காதா!" அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "வந்தவங்க எல்லாருமே நான் ஊத்துவேன்னுதான் பாத்துட்டு இருந்தாங்களா? நான் எல்லாரையும் அனுப்பிட்டேனா?"

அந்த டச்சுக்காரிமேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. வாயைத் திறந்து 'ஏன் இன்னொன்று இல்லை' என்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தப் புத்தகமே இருந்திருக்காது. இவரும் கேட்கவில்லை. அவள் அழுத அழுகையும் பொய்யில்லை. யாரைத் திட்டுவதென்று தெரியாமல், "தண்ணி ஆறுது, ஊத்துங்க," என்று அதட்டினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஊற்றினார். நான் குடித்தேன், சும்மா திருப்பிக் கொடுத்தேன். பாஸ்குவால் குடித்தான். தெல்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு குடித்தாள். மூன்றாவது சுற்றில் பாஸ்குவால், "அந்தப் பனியில மாட்டின கதை என்ன ரேடியோ?" என்று கேட்டான். அவனுக்கு அந்தக் கதை நன்றாகத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் தயங்கித் தயங்கித்தான் வந்தது, ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி. பிறகு பிடித்துக்கொண்டது. குதிரை புதைந்தது, செத்த ஆட்டின் தோலுக்குள் காலை நுழைத்துக்கொண்டு இரவைக் கழித்தது, விடிந்ததும் பார்த்தால் வீட்டு வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கிடந்தது, ரொசாலியா கதவைத் திறந்து "இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு ஒரு சத்தம் போடக் கூடாதா, ஊமையா நீ?" என்று திட்டியது. அந்த இடம் வந்ததும் அவர் அந்தப் பலகைச் சுவரை ஒரு தடவை பார்த்தார். பிறகு அடுத்த கதைக்குப் போனார். இறைச்சியைத் தின்றோம். இலை வெளுத்துப்போய்ச் சப்பென்றானது, புது இலை மாற்றினார். அதுவும் வெளுத்தது.

மேற்கே மேகம் கறுத்தபோது பாஸ்குவால் வெளியே போய் வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தான். தெல்மா எவரிஸ்தோவின் கன்னத்தில் முத்தமிட்டு, முறைப்படி "நன்றி, ஐயா" என்று குடுவையைக் கொடுத்துவிட்டு ஓடினாள். அந்த நன்றி சரியான நன்றி. அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.

கடைசியாக எனக்கு ஊற்றினார். குழல் அடியில் கரகரக்கும்வரை உறிஞ்சினேன். எழுந்து, சால்வையைச் சுற்றிக்கொண்டு, குடுவையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய் வண்டியில் ஏறினேன். அவர் வாசலில் இறங்கி நின்றவர், என்னவோ விட்டுப்போனது போல் யோசித்து, காற்றில் தொப்பியை அழுத்திப் பிடித்தபடி வண்டி ஜன்னலுக்கு வந்தார். குடுவை இன்னும் கையிலேயே இருந்தது.

"டோன்யா ஹெர்மினியா, நீங்க நன்றி சொல்லலையே."

"ஆமா, சொல்லலை."

அவர் குடுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாஸ்குவால் ஹாரனிலிருந்து கையை எடுத்தான்.

"அப்ப சரி," என்றார் எவரிஸ்தோ. "தண்ணி சூடாவே இருக்கட்டும்."